ஐந்தாம் போஸ்டில் நிற்கிறவர்

கர்த்தர் மாறாதவர் என்று எங்கள் மண்ணூர் சபையில் வாரம் தவறாமல் சொல்கிறோம். நானும் கையைத் தூக்கிச் சத்தமாகச் சொன்னவள்தான். ஆனால் மாறாத ஒரு ஆளோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திப் பார்த்தால் தெரியும், அது எவ்வளவு பெரிய ரோதனை என்று. என் வீட்டுக்காரர் ஜெபர்சன் அப்படிப்பட்டவர். கல்யாணமான மறுநாள் காலையில் என்ன சாப்பிட்டாரோ அதையேதான் இன்றைக்கும் சாப்பிடுகிறார். இட்லி, தொட்டுக்கொள்ளச் சர்க்கரை. நான் விடியற்காலையில் எழுந்து வெங்காயச் சாம்பார் வைத்தால், ஒரு கரண்டி வாங்கி, "நல்லாருக்குட்டி" என்று மனசாரச் சொல்லிவிட்டு, சர்க்கரை டப்பாவைத் திறப்பார். அந்த டப்பாவை எத்தனை முறை ஒளித்து வைத்திருக்கிறேன் தெரியுமா? கோபப்பட மாட்டார். கடைக்குப் போய்ப் புதுசு வாங்கி வந்துவிடுவார்.

அவருக்கு ஊர் தெற்கே நாசரேத் பக்கம். ஐ.டி.ஐ. முடித்ததும் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை கிடைத்து வந்தார். என் அம்மா ரூத், அப்பா போன பிறகு, எங்கள் வீட்டை ஒட்டி வரிசையாக அறைகள் கட்டி வேலைக்கு வருகிற பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அதில் ஓர் அறையில் தெற்கத்திப் பையன்கள் நாலு பேரில் ஒருவராக இவரும் வந்து சேர்ந்தார். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடப்பார்கள். இவர் நைட் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினதும் யூனிபார்மோடு நேராகச் சபைக்கு வந்துவிடுவார். மூன்றாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம், சுற்றாத ஃபேனுக்குக் கீழே. பாட்டு முடிகிற வரைக்கும் நிற்பார். பிரசங்கம் ஆரம்பித்ததும் தூங்கிவிடுவார்.

ஒருநாள் பாஸ்டர் பொறுக்க மாட்டாமல் கேட்டே விட்டார். "தம்பி, தூங்குறதுக்கு ரூம் இருக்குல்ல?"

"இருக்கு பாஸ்டர். ஆனா இங்க தூங்குனா ஆண்டவரு வீட்ல தூங்குன மாதிரில்லா," என்றார் இவர்.

சபையே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம், "தூங்கினாலும் வந்து தூங்கறான் பாரு, அவன்தான் புள்ள," என்றார். அந்த ஒரு தூக்கத்தில் மயங்கித்தான் அம்மா என்னை இவருக்குக் கட்டிக் கொடுத்தார். இதை நான் பொய்யாகச் சொல்லவில்லை.

என் தம்பி எபிநேசருக்கு, எபிக்கு, பைக் என்றால் உயிர். சுங்குவார்சத்திரத்தில் ஒரு கடையில் மெக்கானிக். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கிற ரேஸ் டிராக்கில் பந்தயம் நடக்கிற நாளில் அவன் வேலைக்கே போக மாட்டான். ஒருமுறை இவரையும் இழுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். எபி வண்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான். இவர் ஒரே ஒரு ஆளைப் பற்றிப் பேசினார். வளைவில் ஆரஞ்சு உடுப்புப் போட்டுக்கொண்டு, கையில் மஞ்சள் கொடி வைத்துக்கொண்டு நின்ற ஆள்.

"காலையில பாத்த எடத்துலயே சாயங்காலமும் நிக்கான். ஒருத்தரும் அவன பாத்துக் கை தட்டல. அவன் இல்லேன்னா ரேஸே கெடையாதாம்," என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது. நான் கார்களுக்கு சீட் கவர் தைக்கிற கம்பெனியில் லைனில் நிற்கிறவள். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நிற்பது என்ன பெரிய அதிசயமா என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதமே வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டு இவரும் கொடிக்காரர் ஆகிவிட்டார். மார்ஷல் என்று அவர்களைச் சொல்வார்கள். டிராக்கில் வளைவுக்கு வளைவு ஒரு போஸ்ட் இருக்கும். இவருக்கு ஐந்தாவது போஸ்ட். அங்கே இரண்டு பேர் முதுகோடு முதுகாக நிற்பார்கள். ஒருவர் எதிரே வருகிற வண்டிகளைப் பார்ப்பார். இன்னொருவர், தாண்டிப் போகிற வண்டிகளைப் பார்ப்பார். தாண்டிப் போனதில் யாராவது விழுந்தால் அவர் மஞ்சள் கொடியை ஆட்டுவார். பின்னால் வருகிறவர்கள் அதைப் பார்த்து வேகத்தைக் குறைக்க வேண்டும், ஒருவரை ஒருவர் முந்தக் கூடாது. அந்தக் கொடிதான் இவர் வேலை. விழுந்தவனைத் தூக்குவதற்கு வேறு இரண்டு பேர் தயாராக உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தக் கொடியை இவர் சபைக்கும் கொண்டு வந்துவிட்டார். மாதக் கடைசி ஞாயிற்றில் சாட்சி சொல்லுகிற நேரம் உண்டு. ஒருத்தருக்கு ஜுரம் விட்டது, ஒருத்தருக்கு வேலை நிரந்தரமானது என்று சொல்லுவார்கள். இவர் எழுந்து போய் மைக்கைப் பிடித்து ரேஸைப் பற்றிப் பேசினார்.

"வண்டியெல்லாம் சுத்திக்கிட்டே கெடக்கும். இந்தச் சுத்துல மொதல்ல வாறவன் அடுத்த சுத்துல கடைசில வருவான். ஒருத்தன் விழுவான், ஒருத்தனுக்கு இஞ்சின் நின்னு போவும். ஆனா அஞ்சாவது வளைவுக்கு எப்ப வந்தாலும் கொடிக்காரன் அங்க நிப்பான். வண்டி ஓட்டுதவன் அவன் மூஞ்சிய பாக்கதில்ல. அவன் இருக்கான்னு நம்பித்தான் வண்டிய முறுக்குதான். நம்ம ஆண்டவரும் அப்படித்தான் நிக்காரு. நாமதான் சுத்துதோம்."

பின் பெஞ்சிலிருந்து லீலாக்கா, "ஏன் தம்பி, அந்த ரேஸுல சூதாட்டம் எதுனா உண்டா?" என்று கேட்டார். பாஸ்டர் அவசரமாக ஜெபம் பண்ணி முடித்தார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையெல்லாம் போன வருஷம் எபி முதல் முறையாகப் பந்தயத்தில் ஓட்டினபோது மண்ணாகப் போனது.

எபியின் கடை முதலாளியே வண்டி கொடுத்திருந்தார். நம்பர் நாற்பத்தொன்று. காலையில் இவர் எபியின் ஹெல்மெட் மேல் கையை வைத்து ஜெபம் பண்ணினார். அதன்பிறகு கொடியை எடுத்துக்கொண்டு தன் போஸ்டுக்குப் போய்விட்டார். நானும் அம்மாவும் கேலரியில் உட்கார்ந்தோம். அம்மா அந்த டிராக்குக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வண்டிகளின் இரைச்சல் தாங்காமல் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டே, "நம்ம பையன் எது? நம்ம பையன் எது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாவது வளைவு எங்களுக்கு நேர் எதிரே நன்றாகத் தெரிந்தது.

எபி அந்த வளைவைத் தாண்டினான். பின் சக்கரம் வழுக்கியது. வண்டி ஒரு பக்கம் புல்லுக்குள் போனது, அவன் ஒரு பக்கம் தார் மேலேயே தேய்த்துக்கொண்டு போய்க் கிடந்தான். எழுந்திருக்கவில்லை.

"ஓடுங்க! ஓடுங்களேன்!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். இவருக்கும் எபிக்கும் இடையில் அதிக தூரம் இல்லை. நாலு எட்டு வைத்தால் போய்விடலாம். மற்ற இரண்டு பேர் ஓடினார்கள். இவர் ஓடவில்லை. கொடியை ஆட்டிக்கொண்டு நின்றார். வேறெங்கேயாவது பார்த்துக்கொண்டிருந்தாலாவது மனசு ஆறும். எபியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் கையைத் தூக்கினான், இவர் பார்த்தார். அவனைத் தூக்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள், அதையும் பார்த்தார். அந்த ரேஸ் முடிகிற வரைக்கும் இடத்தை விட்டு அசையவில்லை.

"நின்னுக்கினு கீறான் பாரு. துணிய ஆட்டிக்கினு நின்னுக்கினு கீறான்," என்று அம்மா சொன்னார். அந்தக் குரல் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

தொடை எலும்பு முறிந்திருந்தது. கம்பி வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு இவர் அதே ஆரஞ்சு உடுப்போடு வந்து சேர்ந்தார். தாழ்வாரத்தில் எல்லோர் முன்னாலும் நான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"கூடப் பொறந்தவனா இருந்தா நின்னுக்கினு இருப்பீங்களா? ஏன் ஓடி வரல? சொல்லுங்க, ஏன் வரல?"

அவர் என் கையை விலக்கவில்லை. கண் நிறைந்து போயிருந்தது. "நான் எங்கயும் போகலியேட்டி. அங்கதான நின்னேன்," என்றார்.

இது ஒரு பதிலா? நீங்களே சொல்லுங்கள். மனுஷன் மன்னிப்புக் கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். சட்டம் அப்படி, விதி அப்படி என்று சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அங்கதான நின்னேன் என்றால் நான் என்ன செய்ய?

அதற்குப் பிறகு எனக்குள் எல்லாமே குழம்பிப் போனது. ராத்திரி இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் அதே இடத்தில் முழங்கால் போடுவார். "ஆண்டவரே, நீர் மாறாதவர்," என்று ஆரம்பிப்பார். நான் ஆமென் சொல்ல வாயைத் திறந்தால் வராது. இவர்தானே சபையில் நின்று சொன்னார், ஆண்டவரும் அப்படித்தான் நிக்காரு என்று? அப்படியானால் எபி தார் ரோட்டில் கிடந்தபோது அவரும் ஓடி வராமல் பார்த்துக்கொண்டுதான் நின்றாரா? அப்பா மஞ்சள் காமாலையில் போனபோதும் அப்படித்தான் நின்றாரா? மாறாமல் நிற்கிறதுக்கும் நகராமல் நிற்கிறதுக்கும் என்ன வித்தியாசம்? பாஸ்டரிடம் கேட்டேன். நல்ல மனுஷன், பொறுமையாக வெகுநேரம் விளக்கினார். போனபோது இருந்ததைவிட அதிகக் குழப்பத்தோடு வீட்டுக்கு வந்தேன். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் ஒரு கதை சொல்லிக் கொடுத்தார்கள். ஆண்டவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டவருக்கு அவர் முதுகை மட்டும்தான் காட்டினாராம். அப்போதே எனக்கு அது பிடிக்கவில்லை. முகத்தைக் காட்டினால் என்ன குறைந்துவிடும் என்று டீச்சரிடம் கேட்டுத் திட்டு வாங்கினேன். அந்தக் கேள்வி இத்தனை வருஷம் கழித்து மறுபடி கிளம்பி வந்து என் எதிரில் உட்கார்ந்துகொண்டது.

அம்மா இவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். "அந்த ஆளு சாப்டானா?" என்று என்னிடம்தான் கேட்பார். ஒரே காம்பவுண்டு. இவர் ஷிப்டுக்குக் கிளம்புகிறபோது அம்மா வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். "அத்த, போயிட்டு வாரேன்," என்பார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். மறுநாளும் "அத்த, போயிட்டு வாரேன்" என்பார். அம்மா கதவைச் சாத்துவார். அதற்கு அடுத்த நாள் சாத்தின கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார். ஒரு வருஷமாக இந்தக் கூத்து நடந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

எபிக்கு மட்டும் இவர் மேல் துளிகூடக் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சல். கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு அவன் சொன்னான்: "அக்கா, வுழுந்து கெடக்க சொல்லோ எனக்கு வலிகூட தெரியல. பின்னாடி வர்ற வண்டி மேல ஏறிடுமோன்னு ஒரே பயம். மஞ்சக் கொடி ஆடிக்கினே இருந்திச்சு. அது ஆடற வரிக்கும் நம்ம மேல எவனும் ஏற மாட்டான்னு அதயே பாத்துக்கினு கெடந்தேன். மாமா கொடிய வுட்டுட்டு ஓடியாந்திருந்தார்னா நான் காலி."

"அது கொடி. கொடிய யார் வேணா ஆட்டலாம். நான் மாமாவ பத்தி கேக்கறேன்," என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்கா."

"போடா," என்றேன். எனக்கு ஒன்றாகப் படவில்லை.

கால் தேறினதும் இந்த வருஷம் எபி மறுபடி ஓட்டப் போகிறேன் என்று நின்றான். அம்மா அழுதார், பட்டினி கிடந்தார், ஒன்றும் பலிக்கவில்லை. எபி ஓட்டுகிறான் என்றால் இவர் அதே போஸ்டில்தான் நிற்பார். அன்றைக்கு இரவு சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னேன்.

"இந்த ஒரு ரேஸுக்கு நீங்க போவாதீங்க. என் கூட கேலரில உக்காருங்க. அவன் வுழுந்தா ரெண்டு பேருமா ஓடுவோம்."

அவர் சோற்றைப் பிசைந்தார். "நான் நிக்கலேன்னா வேற எவனாச்சும் நிப்பான். எபி வுழுந்தா அவன் கண்ண எடுக்காம பாப்பானா, போன நோண்டிக்கிட்டு நிப்பானான்னு எனக்குத் தெரியாதுல்லா?"

"அப்ப மறுபடி வுழுந்தாலும் நின்னுக்கினுதான் இருப்பீங்க?"

"நிப்பேன்."

"அப்படின்னா எனக்கு இன்னா தெரியணும்னு சொல்லவா? நீங்க அங்க நின்னுக்கினு இன்னா பண்றீங்கன்னு தெரியணும். பாசத்துல நிக்கறீங்களா, இல்ல நெஞ்சுல ஒண்ணுமே இல்லாம நிக்கறீங்களான்னு நான் கிட்ட நின்னு பாக்கணும். அது தெரியாம உங்க கூட என்னால இருக்க முடியாது. நான் அம்மா பக்கம் போயிடுவேன்."

அம்மா வீடு என்பது சுவருக்கு அந்தப் பக்கம்தான். ஆனாலும் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவருக்குப் புரிந்தது. எனக்கே என் குரல் பயமாக இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே படுத்துக்கொண்டு இந்த ஆள் யார் என்று தெரியாமல் எத்தனை நாள் ஓட்டுவது?

"சரி, நீயும் வகுப்புக்கு வா. எங்கூட போஸ்ட்ல நில்லு," என்றார்.

அப்படித்தான் நானும் மார்ஷல் ஆனேன். இந்த உலகத்தில் புருஷனை வேவு பார்க்கிறதுக்காக ஆரஞ்சு உடுப்புப் போட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உடுப்பு எனக்கு இரண்டு பேர் நுழைகிற அளவுக்குத் தொளதொளவென்று இருந்தது. வகுப்பு ஒரு நாள் முழுக்க நடந்தது. முடிவில் ஐந்தாம் போஸ்டுக்குப் பொறுப்பாளரான தசரதன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தலை நரைத்த மனுஷன், டிராக்கிலேயே காலம் தள்ளினவர்.

"யம்மா, வூட்டுச் சண்டைய டிராக்குக்கு எடுத்தாராத. நீ புதுசு, கொடியெல்லாம் தொடாத. உன் கையில விசில் குடுக்கறேன். வர்ற வண்டிய பாத்துக்கினே இருக்கணும். எதுனா ஒரு வண்டி நம்ம போஸ்ட் பக்கம் சறுக்கினு வந்திச்சின்னா ஊதணும். அவ்ளோதான் வேலை."

"எந்தப் பக்கம் பாத்து நிக்கணும்?"

"வர்ற வண்டி பக்கம். உன் புருசன் போற வண்டிய பாத்துக்கினு நிப்பான். அவன் முதுகும் உன் முதுகும்தான் பாத்துக்கும்."

"அப்ப அவரு மூஞ்சிய நான் பாக்கவே முடியாதா?"

"எதுக்குப் பாக்கணும்? சினிமாவா ஓடுது?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

எதைப் பார்ப்பதற்காக வந்தேனோ, அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கிற இடத்தில் என்னை நிறுத்தியிருந்தார்கள். திரும்பி வந்துவிடலாமா என்று நினைத்தேன். இவர் விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டார்.

"நீ ஊதுனா நான் திரும்பிப் பாக்க மாட்டேன், கேட்டியா. அப்படியே தடுப்புக்கு இந்தப் பக்கம் குதிச்சிருவேன். பாத்துட்டுக் குதிச்சா நேரம் பத்தாது."

"நான் ஊதலேன்னா?"

"ஊதலேன்னா நிப்பேன்."

"நான் பராக்குப் பாத்துக்கினு ஊத மறந்துட்டன்னா?"

அவர் சிரித்தார். "நீயா? சர்க்கர டப்பாவ நான் தொட்டாலே அடுப்படியில இருந்து கத்துதவ."

ரேஸ் நாள் காலை வெயில் சுள்ளென்று அடித்தது. நெடுஞ்சாலையில் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகிற டிரெய்லர்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா கேலரியில் உட்கார்ந்திருந்தார். வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னாலேயே ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். எபியின் ஹெல்மெட்டில் கையை வைத்து இவர் போன வருஷம் பண்ணின அதே ஜெபத்தைப் பண்ணினார். ஒரு வார்த்தை மாறவில்லை.

வண்டிகள் கிளம்பின. முதல் சுற்றில் கூட்டமாக வந்தார்கள். அந்த வேகத்தைக் கேலரியிலிருந்து பார்ப்பது வேறு, முகத்துக்கு நேரே பார்ப்பது வேறு. எபி அதே நாற்பத்தொன்றில் நடுவில் வந்தான், என்னைத் தாண்டிப் போனான். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவன் எனக்குத் தெரிய மாட்டான். அவன் இவருடைய கண்ணுக்குத்தான் தெரிவான். ஒவ்வொரு சுற்றிலும் இப்படியே நடந்தது. வருகிறபோது அவன் என் தம்பி. தாண்டினதும் இவருடைய பொறுப்பு.

நாலைந்து சுற்று போயிருக்கும். நாற்பத்தொன்று வந்தான், தாண்டினான். உடனே பின்னால் அந்தச் சத்தம். இரும்பு தாரில் இழுபடுகிற சத்தம். ஒரு வருஷமாகத் தூக்கத்தில் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்த அதே சத்தம்.

"மஞ்சள்!" என்று தசரதன் கத்தினார். இவர் கொடி காற்றில் படபடவென்று அடிப்பது கேட்டது. தூக்குகிற இரண்டு பேர் ஓடுகிற காலடியும் கேட்டது.

என் கழுத்து தானாகத் திரும்பப் போனது. ஆண்டவரே, அந்த நிமிஷத்தை நான் எப்படிச் சொல்லுவேன்? பின்னால் கிடக்கிறவன் என் கூடப் பிறந்தவன். ஒரே ஒரு பார்வை பார்த்தால் போதும், உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்துவிடும். இவர் முகத்தையும் பார்த்துவிடலாம். அதற்காகத்தானே வந்தேன்? ஆனால் எதிரே அடுத்த கூட்டம் வளைவுக்குள் நுழைந்துவிட்டது. இவர் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். நான் பார்க்கிறேன் என்று நம்பி நிற்கிறார். நான் திரும்பினால் அந்த முதுகுக்குக் கண் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வருகிற வண்டிகளையே பார்த்தேன். கண்ணீர் பொங்கி எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

கொடியைப் பார்த்து எல்லோரும் வேகத்தைக் குறைத்தார்கள். ஒருவன் மட்டும் கடைசி நேரத்தில் பிரேக்கைப் பிடித்தான். அவன் வண்டி ஆடியது, தாரை விட்டு இறங்கியது, நேராக எங்களைப் பார்த்து வந்தது.

ஊதினேன். எவ்வளவு பலமாக ஊதினேன் என்றால் காதே அடைத்துவிட்டது. தசரதன் என் தோளைப் பிடித்துத் தடுப்புக்குப் பின்னால் கீழே இழுத்தார். வண்டி தடுப்பில் மோதித் தெறித்தது. இவர் நின்ற இடத்தில், சரியாக அந்த இடத்தில். அதை ஓட்டினவன் புல்லில் உருண்டு எழுந்து உட்கார்ந்தான். நான் எழுந்து என் இடத்தில் நின்றேன், எதிரே பார்த்தேன். இன்னும் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. இவர் எங்கே? குதித்தாரா, அடிபட்டாரா? திரும்பக் கூடாது. "ஏசப்பா, ஏசப்பா" என்று மட்டும் வாய் முனகிக்கொண்டிருந்தது. ஒரு வருஷமாக வராத ஜெபம், அந்த ஒரே வார்த்தையாக வந்தது.

அப்போது என் முதுகில் ஒரு முதுகு வந்து ஒட்டியது. வேர்வையில் நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு. கொடி மறுபடி படபடவென்று அடித்தது. அந்த முதுகு நடுங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் ஒருவருக்கும் தெரியாத நடுக்கம். விக்கி விக்கி அழுகிறவனுக்கு வருகிற நடுக்கம். அழுதுகொண்டேதான் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தார். போன வருஷமும் அப்படித்தானா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நானும் என் முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கொடிச் சத்தம் நின்றது. ஒரு சுற்று கழித்து, எல்லோருக்கும் கடைசியாக ஒரு வண்டி தனியாக வந்தது. ஒரு பக்கமெல்லாம் உரிந்து, ஹேண்டில்பார் கோணலாக. நாற்பத்தொன்று. எபி என்னைத் தாண்டுகிறபோது இடது கையை லேசாகத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். திரும்பியிருந்தால் அவன் விழுந்து கிடந்ததைப் பார்த்திருப்பேன். திரும்பாமல் நின்றதால் அவன் மறுபடி ஓட்டி வருவதை எங்கள் போஸ்டில் எல்லோருக்கும் முன்னால் நான்தான் பார்த்தேன்.

ரேஸ் முடிந்ததும் இவர் தடுப்பின் மேல் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். தயிர் சாதம். பாக்கெட்டிலிருந்து சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்தார். கண் சிவந்திருந்தது. முழங்கையில் தோல் வழன்று ரத்தம் கசிந்தது. எனக்கு அவரிடம் என்னென்னவோ கேட்க வேண்டும் போலிருந்தது. ஆண்டவரைப் பற்றிக்கூட. ஆனால் எல்லாம் முன்னைப் போலவே தலைக்குள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டுதான் இருந்தது. என்னால் ஒரு நுனியையும் பிடித்து இழுக்க முடியவில்லை.

போன் அடித்தது. அம்மா.

"ஏண்டி, உன் தம்பி உருண்டு கெடக்கறான். நீ இன்னாடின்னா முதுக காட்டிக்கினு நிக்கற! ஒரு தபா திரும்பிக்கூட பாக்கலியேடி. வண்டி மோதி உன் புருசன் எகிறிக் குதிக்கறான், அப்பயும் திரும்பல. உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா? ஏண்டி போவல? சொல்லு, ஏன் போவல?"

நான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கேட்ட அதே கேள்விகள். வாயைத் திறந்தேன். விசிலைப் பற்றிச் சொல்லலாமா, விதியைப் பற்றிச் சொல்லலாமா, அவர் முதுகு நடுங்கினதைச் சொல்லலாமா என்று தேடினேன். இவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எங்கியும் போவலியேம்மா," என்றேன். "அங்கதான நின்னேன்."